ஜுமானாவின் தலைநோன்பு

தேங்காய் என்றால் எதற்கும் ஆகும். நோன்புக் கஞ்சிக்கும் பால் பிழிய வேணும், பெருநாளைக்கு முட்டை ஊற்றிச் செய்கிற வட்டலப்பத்துக்கும் பால் பிழிய வேணும், அதனால் துருவிக்கொண்டே இருக்கலாம், எதற்குத் துருவுகிறாய் என்று யாராவது கேட்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மூடியை உள்ளங்கையில் கவிழ்த்து அழுத்தித் திருப்பத் திருப்ப வெள்ளையாகத் தட்டில் உதிர்கிறது, துருவியின் பலகை ஆடுகிறது, அதன் ஒரு கால் பிளந்து கிடக்கிறது, போன தடவை ஊருக்கு வந்தபோது மச்சான், என் புருசன், ஆணி அடித்துத் தருகிறேன் என்றார், அடிக்கவில்லை, லீவு முழுக்க எங்களுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. அரிசியை ஊறப்போட்டால் இன்றைக்கு நோன்பு என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி. முட்டையை உடைத்தால் இன்றைக்குப் பெருநாள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அரிசி டின்னில் இருக்கிறது, முட்டை கூடையில் இருக்கிறது, நான் தேங்காய் துருவுகிறேன். தெருவில் இரண்டு மைக்கும் சண்டை போடுகின்றன. பெரிய பள்ளி மைக், "நேற்று மாலை பிறை தென்படாததால் இன்று நோன்பு முப்பது, குழப்பவாதிகளின் பேச்சுக்குச் செவிசாய்க்க வேண்டாம்" என்கிறது, அது மூச்சு வாங்குவதற்குள் ஆட்டோவில் கட்டின மைக், "சவூதியில் பிறை பார்த்தாகிவிட்டது, உலக முஸ்லிம்களுக்கெல்லாம் இன்றுதான் பெருநாள், பெருநாளன்று நோன்பு வைப்பது ஹராம், திடலுக்கு வாருங்கள்" என்கிறது. இன்றைக்குத் தின்றால் பாவம், தின்னாவிட்டால் பாவம். தெருமுக்கில் போலீஸ் வேன் நிற்கிறது என்று பால்காரர் சொன்னார், பிறைக்கு எதுக்கும்மா போலீஸ் என்று கேட்டார், கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார், எனக்குத்தான் முகம் சுட்டது, பாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்தத்தான் எனக்குத் தெரியும். சற்று முன்னே ஜுமானா வந்து இந்த அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எட்டு வயசு, முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை, விடியுமுன் சஹர் நேரத்தில் எழும்பிச் சாப்பிட்டு நிய்யத்து வைத்த தலைநோன்பு, அவள் பிறந்து வைக்கிற முதல் நோன்பு. "உம்மா, எச்சிலை முழுங்கலாமா?" "முழுங்கலாம் கண்ணு." "நிறைய சேர்த்து வச்சு ஒரேடியா முழுங்குனா?" "அப்படிச் சேர்க்கப்படாது." "அப்ப இன்னைக்கு நோன்பா, பெருநாளா? வாப்பும்மா நோன்புங்கிறாங்க. வாப்பா பெருநாளுங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க உம்மா?" நான் என்ன சொன்னேன். போய்ப் படு, பேசினால் தாகம் எடுக்கும் என்று சொன்னேன். அவளும் போய்க் கூடத்தில் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள், தரை குளிர்ச்சி என்று.

நீங்க என்ன சொல்றீங்க. இந்த வீட்டில் என்னை நீங்க என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான், என்ன சொல்கிறாய் என்று கேட்ட ஒரே ஆளும் அவள்தான். நிக்காஹ் அன்றைக்குச் சம்மதமா என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் பெரியவாப்பா, "சரின்னுட்டா, சரின்னுட்டா, கையெழுத்து வாங்குங்க" என்றார். ஆறாம் வகுப்போடு நிறுத்தினபோதும் யாரும் கேட்கவில்லை, ஸ்கூலுக்குக் கடைத்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான் காரணம், கடைத்தெரு. நேற்று ராத்திரியும் யாரும் கேட்கவில்லை, விளங்குச்சா என்றுதான் கேட்டார்கள். மச்சான் போனில், "நாளைக்குப் பெருநாள். பிள்ளையக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, பேரீச்சம்பழம் தின்னக் குடுத்துத் திடலுக்கு அனுப்பு. மகளிரணி சபூரா லாத்தா ஆட்டோவோட வருவாங்க. உம்மா ஏதாச்சும் சொன்னா காதுல வாங்காதே. விளங்குச்சா?" என்றார். ம் என்றேன். சஹருக்கு மச்சானைப் பெற்ற மாமி வந்து உலுக்கி, "பிறை காணலைன்னு சென்னையிலேர்ந்து காஜியாரே சொல்லியாச்சு. புள்ளைய எழுப்பு, தலைநோன்பு வைக்கணும்னு ஆசையாக் கிடந்தா. ஒம் புருசன் போன்ல பெருநாள் கொண்டாடுவான், நாம மானத்தப் பாத்துத்தான் கொண்டாடணும். விளங்குதா?" என்றார்கள். ம் என்றேன். இரண்டு ம். இரண்டும் ஒரே வாயில், ஒரே ராத்திரியில். என் ம்முக்கு அர்த்தம் சரி என்று அவர்களாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது காதில் விழுந்தது என்கிற மட்டும்தான், ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்ல. துருவியின் பல் நகக்கண்ணில் ஏறுகிறது, ஏறட்டும். எனக்கு நோன்பு இல்லை, தொட்டிலில் ஏழு மாசப் பிள்ளை உஸைது கிடக்கிறான், பால் கொடுக்கிறவள் நோன்பை விட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மைக்குக்கும் சண்டை இல்லை. எந்தப் பிறையும் இன்றைக்கு என்னைக் கட்டாது. ஆனாலும் சஹரில் குடித்த ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பிறகு ஒரு வாய் நான் தின்னவில்லை, மாமிக்கு முன்னால் தின்ன வெட்கம், யாரும் தின்னாதே என்று சொல்லவில்லை, வெட்கம் மட்டும்தான் சொன்னது. பால் சுரக்கிறதா என்று உஸைதைத்தான் கேட்கவேண்டும்.

மச்சான் இப்படி இருந்தவரில்லை. அவருக்கு வைத்த பேர் மைதீன்பிச்சை, பிள்ளை இல்லாமல் கிடந்து மாமி நேர்ந்து பெற்ற பிள்ளை, தர்காவில் கொண்டுபோய் முடியிறக்கி வைத்த பேர். சவூதிக்குப் போன இரண்டாம் வருசம் அந்தப் பேர் ஷிர்க்கு, அல்லாவுக்கு இணைவைப்பது என்று ரூமில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு ரூமில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில், நடுவில் ஒரு டிவி, அந்த டிவியிலும் பிறகு போனிலும் ராத்திரி பூரா பயான், தமிழில் மார்க்கப் பிரசங்கம், நம்ம ஊர்க்காரர் மாதிரியே பேசுகிறவர்கள், அங்கேயிருந்து பேசி, அங்கேயிருந்தே காசு வசூலித்து, இங்கே திடலுக்குப் பந்தல் போடுகிறவர்கள். பேரை மாற்றி அபூ ஜுமானா என்று வைத்துக்கொண்டார், ஜுமானாவுடைய வாப்பா என்று அர்த்தம், எனக்கு அது பிடித்திருந்தது, மகள் பேரில் தகப்பன் என்று நினைத்துக்கொண்டேன். உஸைது பிறந்த மறுநாளே அபூ உஸைத் ஆகிவிட்டார். ஜுமானா கேட்டாள், வாப்பாவோட பேருல நான் இருந்தேனே, எங்க போனேன் என்று. பாஸ்போர்ட்டில் இன்னும் மைதீன்பிச்சைதான், அவர் வண்டி ஓட்டுகிற வீட்டு அரபியும் அவரைப் பிச்சா பிச்சா என்றுதான் கூப்பிடுகிறானாம், மாமியும் பிச்சை என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன லீவில் வந்து இறங்கின அன்றைக்கே ஜுமானா கழுத்தில் கிடந்த தாயத்தைப் பிளேடால் அறுத்தார், அவள் ராத்திரியில் பயந்து அலறுகிறாள் என்று என் உம்மா கட்டிவிட்டது, அறுக்கும்போது கழுத்தில் கோடு மாதிரிக் கீறி ரத்தம் பொடித்தது, அவள் அழவில்லை, வாப்பா கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார் என்று பயந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். நல்லதையும் சொல்லவேண்டும், சீட்டு ஆட்டத்தை விட்டார், தங்கச்சி கல்யாணத்தில் சீதனம் வாங்கக்கூடாது கொடுக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார், மார்க்கம் அவருக்கு நல்லதும் செய்தது, இல்லை என்று சொன்னால் அது என் மேல் பாவம். மார்க்கத்து மேல் எனக்கு என்ன கோபம். நானும் அதே ரப்பை, அதே அல்லாவைத்தான் தொழுது எழும்புகிறேன். என் அடுப்படிக்குள் அத்தனை ஆம்பிளைக் குரலும் வந்து உட்கார்ந்துகொண்டு, அரிசியை ஊறப்போடு, போடாதே என்கிறதே, அதுதான். அங்கே தெரிந்த பிறை இங்கேயும் தெரிந்த மாதிரி என்கிறார். நாங்கள் நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பை கழுவிக் கவிழ்க்கும்போது அவருக்கு இன்னும் வெயில் அடிக்கிறது, நாம ரெண்டு பேரும் ஒண்ணா நோன்பு திறந்ததே இல்லையே மச்சான், பிறை மட்டும் எப்படி ஒண்ணாச்சு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் அவரிடம் பதிலும் இருக்கும், அதற்கு ஆதாரமும் இருக்கும், என்னிடம் என்ன இருக்கிறது, ஆறாம் வகுப்பும் ஒரு ம்மும். "உங்களுக்கு நாளைக்கு லீவா மச்சான்?" என்று மட்டும் கேட்டேன். "லீவா? அவங்களுக்குப் பெருநாள்ல, கடற்கரைக்குப் போறாங்க, வண்டி ஓட்ட நான் வேணும்ல" என்றார். பெருநாள் தொழுகைக்கு விடுவானா என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றார். அரபி வீட்டுப் பிள்ளைகள் பெருநாள் கொண்டாட அவர் வண்டிக்குள் காத்துக் கிடப்பார், அவருடைய பெருநாளை என் வீட்டில் என் மகள் வாயில் பேரீச்சம்பழமாகத் திணிக்கவேண்டும். பாவமாக இருக்கிறது. பாவமாக இருக்கிறது என்பதற்காகக் கோபம் போகவில்லை, கூடுகிறது.

அவர் ஒரு பக்கம் என்றால் ஹபீபு மாமு ஒரு பக்கம். மாமியுடைய தம்பி, பெரிய பள்ளி ஜமாஅத்துச் செயலாளர், விடியக்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே இங்கே வந்தார், அத்தர் வாசனை அவருக்கு முன்னே வந்தது. "எங்கே எங்க தலைநோன்புக்காரி?" என்று ஜுமானாவைத் தூக்கிச் சுற்றினார், அவள் சிரித்தாள், அவளுக்கு அவரைப் பிடிக்கும். என்னைப் பார்த்து, "ஏம்மா நிஹாரு, சாயந்தரம் பிள்ளையப் பூமாலை போட்டு மேடையில ஒக்கார வைக்கிறோம். நம்ம வேட்பாளர் கஞ்சி குடிக்க வர்றாரு, அவரு கையால பரிசு. குழப்பவாதி வீட்டுப் புள்ளையே நம்ம நோன்பு வச்சிருக்குன்னா இதுக்கு மேல அவனுவளுக்கு என்ன பதில் வேணும்?" என்றார். வீட்டுக்குள் உட்கார்ந்து, மாமி ஊற்றின தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, என் புருசனைக் குழப்பவாதி என்கிறார், மாமியும் பெற்ற பிள்ளையைச் சொல்கிறானே என்று இல்லாமல் தலையை ஆட்டுகிறார்கள். அந்த வேட்பாளர் போன வருசமும் வந்தார், வேறு கட்சிக்காரரும் வந்தார், ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பி, போட்டோ எடுக்கிற வரைக்கும் தொப்பி, கஞ்சியை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கீழே வைப்பார்கள், அந்தக் கஞ்சிக்கும் நாங்கள்தான் தேங்காய் துருவினோம். பிறகு மாமு போனைக் காட்டினார், கடைத்தெருவில் ராத்திரியே கட்டிவிட்டார்களாம், பெரிய ஃப்ளெக்ஸ், தலைநோன்பு கண்ட எங்கள் செல்வங்கள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நடுவில் எல்லோரையும்விடப் பெரிசாக என் ஜுமானா. கத்தரிப்பூக் கலர் ஹிஜாப், ஓட்டைப்பல் சிரிப்பு. அதே படம் ராத்திரியே மச்சானிடமிருந்து வந்திருந்தது, ஒரே பிறை ஒரே பெருநாள் என்று போட்டு, கீழே உலக உருண்டை, உருண்டைமேல் என் ஜுமானா, அதே ஹிஜாப், அதே ஓட்டைப்பல். அது மொட்டைமாடியில் எடுத்த படம், பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது, நான்தான் மச்சானுக்கு அனுப்பினேன், அவர் தன் போனுக்கு முகப்புப் படமாக வைத்தார், அதிலிருந்து மாமு எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் நானும் இருந்தேன். ஜுமானா கையை உசத்தி என் கையைப் பிடித்திருந்தாள். இரண்டிலும் என்னை வெட்டிவிட்டார்கள். வெட்டினால் அவள் கை மட்டும் ஒன்றையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கிறது, அசிங்கமாக இருக்கிறது என்று மச்சான் ஆட்கள் அந்தக் கையில் ஒரு கொடியைச் சொருகியிருக்கிறார்கள், மாமு ஆட்கள் பேரீச்சம்பழத் தட்டைச் சொருகியிருக்கிறார்கள். பொம்பளைப் படம் போடக்கூடாதாம். எட்டு வயசு என்றால் போடலாம், இன்னும் நாலு வருசம் கழித்துப் போடக்கூடாது, அதற்குள் எத்தனை கொடி சொருக முடியுமோ சொருகிக்கொள்வார்கள். அது என் கை. அவள் பிடித்திருந்தது என் கை. "டீ போடவா மாமு" என்று கேட்டுவிட்டேன், வாய்ப்பழக்கம், மாமு சிரித்தார், "என்னம்மா, நோன்புன்னே மறந்துட்டியா, இல்ல ஒனக்கும் பெருநாளா?" என்றார், மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

மூன்றாவது மூடியும் முடிகிறது, ஓடு வரைக்கும் சுரண்டுகிறேன், கறுப்புத் தோல் விழுகிறது, பால் கலங்கும், கலங்கட்டும். உஸைது தொட்டிலில் நெளிகிறான். ஜுமானா சத்தமே இல்லை, தூங்கிவிட்டாளா, இல்லை மயங்கி. இல்லை, இல்லை, கால் ஆடுகிறது, தரையில் குதிகாலால் தட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறாள், துஆவாக இருக்கும். அந்த துஆ. அதை நினைக்காமல் துருவிக்கொண்டிருக்கலாம் என்றுதான் விடிந்ததிலிருந்து பார்க்கிறேன். சஹரில் மாமி கை கழுவப் போன நேரம், தயிர்ச்சோற்றை அள்ளின கையோடு என் காதுக்குள் வந்து சொன்னாள், "உம்மா, நோன்பு திறக்குற நேரத்துல கேக்குற துஆவ அல்லா தட்ட மாட்டானாம், ஓதுற பள்ளியில உஸ்தாதுமா சொன்னாங்க. நான் என்ன கேக்கப் போறேன் தெரியுமா? யார்ட்டயும் சொல்லக் கூடாது. வாப்பாவ வரச் சொல்லப் போறேன். கொடுக்க மாட்டேன்னு சொல்ற லீவ அந்த அரபியக் கொடுக்க வைக்கச் சொல்லப் போறேன்." வாயெல்லாம் தயிர். நான் அவள் வாயைத் துடைத்தேன். வாப்பா உஸைதை இன்னும் தூக்கினதே இல்லையில்ல உம்மா, பாவம்ல என்றாள். யாருக்குப் பாவம், உஸைதுக்கா வாப்பாவுக்கா என்று நான் கேட்கவில்லை. மச்சான், நீங்கள் ஹராம் என்று முறிக்கச் சொல்கிற நோன்பு உங்களைக் கேட்கிற நோன்பு. மாமு, நீங்கள் மேடையில் பூமாலை போடப்போகிற நோன்பு உங்கள் குழப்பவாதியைத் திருப்பிக் கொடு என்று கேட்கிற நோன்பு. உங்கள் இரண்டு பேருக்கும் அதில் இடமில்லை. சவூதியில் தெரிந்த பிறையும் சென்னையில் தெரியாத பிறையும் அதற்கு ஒன்றும் செய்யாது, அது இந்தத் தரைக்கும் அல்லாவின் அர்ஷுக்கும் நடுவே நேராகப் போய்க்கொண்டிருக்கிற விஷயம், எட்டு வயசுக்காரி எச்சிலைக்கூடச் சேர்க்காமல் காத்து அனுப்புகிற விஷயம், அதன் நடுவில் மைக் கட்டி ஆட்டோ ஓட்டுகிறீர்கள். எனக்கு மார்க்கம் தெரியாது. அவள் வைத்தது தப்பான நாளாக இருந்தால் கேள்வி என்னைக் கேட்கட்டும், அவளுக்கு இன்னும் கடமையே ஆகவில்லை, என்னைத்தான் கேட்பான், கேட்கட்டும், அங்கேயாவது என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்பான் இல்லையா. அங்கே ம் என்று சொல்லமாட்டேன்.

ஆட்டோ வந்துவிட்டது. வாசலில் ஹாரன், இரண்டு தடவை, மூன்று தடவை. "அஸ்ஸலாமு அலைக்கும், நிஹாரு! ஜுமானா ரெடியா? வாப்பா லைன்ல இருக்காங்க, பிள்ளையப் பாக்கணும்ங்கிறாங்க, சீக்கிரம் வாங்க, தொழுகை ஆரம்பிச்சுரும்" இது சபூரா லாத்தா குரல், நல்ல மனுசிதான், பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். உள்ளேயிருந்து மாமி, "யாரு அது வாசல்ல? புள்ள நோன்பு, போகச் சொல்லுடி அவள! அடியே, ஒனக்குத்தான்!" அலமாரி மேல் என் போன் நடுங்குகிறது, அபூ உஸைத் என்று வெளிச்சம் விட்டு விட்டு எரிகிறது, நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வருகிறது, விழுந்தாலும் விழட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள், என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. தட்டு நிறையத் தேங்காய்ப்பூ. ஒரு விரல் அளவு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். மாமி நிலைப்படியில் நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், நான் மெல்லுகிறேன், இனிக்கிறது, இளந்தேங்காய், மாமி, எனக்கு நோன்பு இல்லை, அவளுக்கு இருக்கிறது, என்று வாயில் தேங்காயோடு சொல்லிவிட்டேன், நானா சொன்னேன், என் குரலா அது, இவ்வளவு தடிமனாகவா இருக்கும் என் குரல். மாமி, அவ நோன்பு பொழுதடைஞ்சு மஃரிபு வரைக்கும் இருக்கும், ஆனா மேடைக்கு வரமாட்டா, மாமுகிட்டச் சொல்லிருங்க, இந்த வீட்டுக் கூடத்துலதான் திறப்பா. இனி வாசலுக்குப் போய் லாத்தாவிடம் சொல்லவேண்டும், லாத்தா, அவ திடலுக்கு வரமாட்டா, நீங்க போங்க, எங்களுக்கும் துஆச் செய்யுங்க. பிறகு போனை எடுக்கவேண்டும். மச்சான் என்று ஆரம்பித்தால் நாக்குப் பின்வாங்கும், ஆரம்பிக்கத் தெரியாமலே ஆரம்பிக்கவேண்டும், அவ யாருக்கும் பதில் இல்ல மச்சான், அவ கையில சொருகின கொடிய எடுத்துருங்க, அவ என்ன கேக்கப் போறான்னு நான் சொல்லமாட்டேன், சொல்லக் கூடாதுன்னுட்டா, ஆனா அதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் அவ வாயில நான் எதையும் வைக்க மாட்டேன், கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கங்க, தாகம் தாங்கலன்னு அவளே கேட்டா நானே தண்ணி கொடுப்பேன், அதுக்கும் உங்க யார்கிட்டயும் கேட்க மாட்டேன், நீங்க தாயத்து அறுத்த கழுத்துல அந்தக் கோடு இன்னும், "உம்மா! உம்மா, இங்க வாங்களேன், எல்லாரும் கத்துறாங்க, எனக்குப் பயமா இருக்கு!" வர்றேன் கண்ணு, கையெல்லாம் தேங்காய், துடைச்சுட்டு வர்றேன், எழும்பாதே, அங்கேயே இரு, நீ முன்னாடிக் கேட்டியே, உம்மா என்ன சொல்றேன்னா, இந்த நோன்பு உன்னோடது, மஃரிபு வரைக்கும் உன் கைய நான்…